ஒர்க்ஸ்டேஷனில் நானோ வினாடி டைமர் சேர்க்க வேண்டும்: எந்தக் கார்டு வாங்கலாம்?

எதிரொலி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எஃகுத் தகட்டின் தடிமனை அல்ட்ராசவுண்டால் அளக்க ஓர் அமைப்பை நானே கட்டிக்கொண்டிருக்கிறேன். ப்ரோப் ஒரு பல்ஸை உள்ளே அனுப்பும். அது தகட்டின் அடிப்பக்கத்தில் பட்டுத் திரும்பும். போய்வந்த நேரம் தெரிந்தால் தடிமன் தெரிந்துவிடும். எஃகில் ஒலி வினாடிக்குச் சுமார் 5,900 மீட்டர் ஓடுகிறது, அதாவது மைக்ரோ வினாடிக்கு 5.9 மி.மீ. என்னிடம் இருக்கும் 25 மி.மீ. சோதனைக் கட்டையில் போய்வர எட்டரை மைக்ரோ வினாடி ஆக வேண்டும்.

இப்போதைய ஏற்பாடு இதுதான். பேரலல் போர்ட்டின் ஒரு டேட்டா காலிலிருந்து, ப்ரோப்பைத் தூண்டும் பல்சர் சர்க்யூட்டுக்குச் சிக்னல் போகிறது. திரும்பிவரும் எதிரொலியை ஆம்ப்ளிஃபையர், கம்பரேட்டர் (சிக்னல் ஓர் எல்லையைத் தாண்டியதும் வெளியீட்டை ஏற்றும் சர்க்யூட்) வழியாக எடுத்து அதே போர்ட்டின் இன்டரப்ட் காலுக்குக் கொடுத்திருக்கிறேன். அனுப்பும்போது ஒருமுறை நேரம் குறித்துக்கொள்கிறேன், இன்டரப்ட் வந்ததும் மறுமுறை. கழித்தால் விடை.

விடைதான் வரமாட்டேன் என்கிறது. எட்டரை வர வேண்டிய இடத்தில் 14, 19, 16, 22 என்று ஆடுகிறது. நடுவில் திடீரென்று 300 மைக்ரோ வினாடி கூட வருகிறது. எனக்கு 0.1 மி.மீ. துல்லியம் வேண்டும். கணக்குப் போட்டால் நேரத்தில் 34 நானோ வினாடி. கணினியின் கடிகாரம் இதற்குப் போதாது என்று முடிவுக்கு வந்துவிட்டேன். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் இரண்டு காலியாக இருக்கின்றன. நல்ல ஹை-ரெசல்யூஷன் டைமர் கார்டு ஒன்று சொல்லுங்கள். லினக்ஸ்தான் ஓடுகிறது.

---

கர்னல்வாசி

கார்டு வாங்குவதற்கு முன்னால் ஒரு விஷயம் பாருங்கள். சிபியுஇன்ஃபோ கோப்பில் உங்கள் பிராசசரின் கொடிகளில் கான்ஸ்டன்ட் டிஎஸ்சி, நான்ஸ்டாப் டிஎஸ்சி இரண்டும் இருக்கின்றனவா? கர்னல் இப்போது எதைக் கிளாக்சோர்ஸாக, அதாவது நேரம் பார்க்கும் கடிகாரமாக, வைத்திருக்கிறது?

டிஎஸ்சி என்றால், நீங்கள் புகார் சொல்லும் கடிகாரம் உண்மையில் மிகவும் நுணுக்கமானது. 1993-ல் வந்த பென்டியம் முதலே பிராசசருக்குள் இருக்கும் 64 பிட் கவுண்டர் அது. 3 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் டிஎஸ்சி ஒரு நானோ வினாடிக்கு மூன்று முறை கூடுகிறது. படித்துப் பார்க்க ஆகும் நேரம் பத்து, இருபது நானோ வினாடிதான். பழைய பிராசசர்களில் வேகம் மாறும்போதும் தூங்கும்போதும் இது தடுமாறும். மேலே சொன்ன இரண்டு கொடிகளும் இருந்தால் அந்தக் கவலை இல்லை.

ஆக, மூன்றில் ஒரு நானோ வினாடி நுணுக்கம் கையில் இருக்கிறது. உங்களுக்கு வரும் பிழையோ பத்து மைக்ரோ வினாடி. முப்பதாயிரம் மடங்கு. இதைக் கடிகாரத்தின் தலையில் போட முடியாது.

---

இரவுப்பணி

பயாஸில் ஹெச்பிஇடி என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்து பாருங்கள். பெயரிலேயே ஹை பிரிசிஷன் என்று இருக்கிறதே. கர்னல் பூட் வரியில் கிளாக்சோர்ஸை அதற்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

---

கர்னல்வாசி

> பெயரிலேயே ஹை பிரிசிஷன் என்று இருக்கிறதே

நண்பரே, பெயர் வைத்த காலத்தில் அது நியாயமான பெயர். இன்டெலும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து அதை வடிவமைத்தபோது ஒப்பிட இருந்தவை மூன்று. 1.193182 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பழைய 8254 டைமர், 32.768 கிலோஹெர்ட்ஸ் ஆர்டிசி, 3.579545 மெகாஹெர்ட்ஸ் ஏசிபிஐ டைமர். அவற்றோடு பார்த்தால் குறைந்தது 10 மெகாஹெர்ட்ஸ் என்பது பெரிய முன்னேற்றம்தான். பல மதர்போர்டுகளில் ஹெச்பிஇடி 14.318 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஒரு எண்ணுக்கு 70 நானோ வினாடி.

ஆனால் அது பிராசசருக்கு வெளியே, சிப்செட்டில் இருக்கிறது. ஒருமுறை படிக்கவே பல நூறு நானோ வினாடி போய்விடும். டிஎஸ்சி ஒழுங்காக ஓடும் கணினியில் அதை விட்டு ஹெச்பிஇடிக்கு மாறுவது பின்னோக்கிப் போவது. லினக்ஸ் தானாக அப்படி மாறியிருந்தால் மட்டும் கவனியுங்கள். டிஎஸ்சி நிலையாக இல்லை என்று கர்னலின் செய்திப் பதிவான டிமெசெக்கில் (dmesg) ஒரு வரி இருக்கும். அப்படி இருந்தால் அதைத் தனியாகப் பார்ப்போம்.

---

பழைய பலகை

தம்பி எதிரொலி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் ஐஎஸ்ஏ ஸ்லாட் காலம் நினைவுக்கு வந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் ஒரே ஒரு 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகம் இருந்தது. அமெரிக்கக் கலர் டிவி சிக்னலுக்கு வேண்டிய 3.579545 மெகாஹெர்ட்ஸின் நான்கு மடங்கு அது. அதையே பன்னிரண்டால் வகுத்து டைமர் சிப்புக்குக் கொடுத்தார்கள். அதனால்தான் 1.193182 என்ற விசித்திரமான எண். 16 பிட் கவுண்டர் என்பதால் 65,536 எண்ணியதும் ஒரு சுற்று முடியும். வினாடிக்கு 18.2 டிக். டிவிக்காகப் போட்ட படிகம் கணினியின் நேரத்தையே இத்தனை வருடம் தீர்மானித்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அந்த டைமரில் மூன்று கவுண்டர்கள். ஒவ்வொன்றுக்கும் கேட் என்று ஒரு கால் உண்டு. கேட் மேலே இருந்தால் எண்ணும், கீழே போனால் நிற்கும். பிசியில் முதல் இரண்டு கவுண்டர்களின் கேட்டையும் நிரந்தரமாக மேலே கட்டிவிட்டார்கள். மூன்றாவது ஸ்பீக்கருக்குப் போய்விட்டது. வெளியிலிருந்து ஒரு கம்பியைக் கேட்டுக்குக் கொண்டுபோக வழியே இல்லை. எங்களைப் போன்றவர்கள் தனி டைமர் கார்டு போட்டதற்குக் காரணம் இதுதான். பிசியின் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்பது இரண்டாவது காரணம்.

நான் போட்ட கார்டில் 8254 சிப் ஒன்றும் அதற்கென்றே 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் ஒன்றும் இருந்தன. பக்கத்தில் ஒரு ஃபிளிப்-ஃபிளாப். முதல் பல்ஸ் வந்தால் ஃபிளிப்-ஃபிளாப் ஏறும், இரண்டாவது பல்ஸ் வந்தால் இறங்கும். அதன் வெளியீடு நேராக கேட் காலுக்கு. இரண்டு பல்ஸுக்கும் நடுவில் எத்தனை டிக் போனது என்பது கவுண்டரிலேயே உறைந்து நிற்கும். புரோகிராம் சாவகாசமாக வந்து படித்துக்கொள்ளலாம். பத்து மில்லி வினாடி கழித்து வந்தாலும் எண் மாறாது. 125 நானோ வினாடி நுணுக்கம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் அதே 125. இன்றைய மூன்று கிகாஹெர்ட்ஸ் கணினி பேரலல் போர்ட் இன்டரப்ட்டை வைத்துச் செய்ய முடியாத வேலையை அந்தச் சிப் செய்தது.

கார்டு வாங்கும்போது மெகாஹெர்ட்ஸைக் கடைசியில் பாருங்கள். பல்ஸ் வந்த அந்த நொடியிலேயே வன்பொருள் எண்ணைப் பிடித்துவைக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

---

எதிரொலி

ஐயா, இது எனக்குப் புதிதாக இருக்கிறது. டைமர் என்றால் நான் போய்க் கேட்கும்போது நேரம் சொல்லும் பொருள் என்றே இதுவரை நினைத்திருந்தேன்.

கர்னல்வாசி, இரண்டு கொடிகளும் இருக்கின்றன. கிளாக்சோர்ஸும் டிஎஸ்சிதான். அப்படியானால் அந்தப் பத்து மைக்ரோ வினாடி எங்கே போகிறது? இன்டரப்ட்டை விட்டுவிட்டு, போர்ட்டை இடைவிடாமல் படித்துக்கொண்டே இருந்தால் சரியாகுமா? ரியல்-டைம் கர்னல் போட்டால்?

---

கர்னல்வாசி

கம்பரேட்டரின் வெளியீடு ஏறிய கணத்திலிருந்து உங்கள் புரோகிராம் நேரம் குறிக்கும் கணம் வரை நடப்பதைப் பாருங்கள். போர்ட் சிப் சிக்னலை உணர வேண்டும். இன்டரப்ட் கன்ட்ரோலர் வழியாக அது ஒரு கோருக்குப் போக வேண்டும். அந்தக் கோர் ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தால் எழுந்திருக்கவே பத்து முதல் நூறு மைக்ரோ வினாடிக்கு மேல்கூட ஆகலாம். விழித்திருந்தாலும் வேறு டிரைவர் இன்டரப்ட்டை மூடிவைத்திருக்கலாம். திறந்ததும் செய்துகொண்டிருந்த வேலையை எடுத்துவைத்துவிட்டு உங்கள் ஹேண்ட்லருக்குள் நுழைய வேண்டும். நீங்கள் யூசர் புரோகிராமில் நேரம் குறிக்கிறீர்கள் என்றால் அதற்குப் பிறகு ஷெட்யூலர் வேறு இருக்கிறது. இதில் எந்தப் படியும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நேரம் எடுப்பதில்லை. தாமதம் மாறாமல் இருந்தால் கழித்துவிடலாம். மாறிக்கொண்டே இருப்பதை என்ன செய்வது?

அந்த 300 மைக்ரோ வினாடிக்கு என் சந்தேகம் எஸ்எம்ஐ மேல்தான். மதர்போர்டின் ஃபர்ம்வேர் தன் சொந்த வேலைக்காகப் பிராசசரையே கொஞ்ச நேரம் பறித்துக்கொள்ளும். விசிறி வேகம், பழைய யுஎஸ்பி கீபோர்டு ஆதரவு, மெமரிப் பிழைப் பதிவு என்று காரணம் எதுவும் இருக்கலாம். இது நடப்பது கர்னலுக்கே தெரியாது, தடுக்கவும் முடியாது. இன்டெல் பிராசசரில் எத்தனை எஸ்எம்ஐ வந்தது என்று எண்ணும் ரெஜிஸ்டர் ஒன்று உண்டு, டர்போஸ்டாட் கருவி அதைக் காட்டும். 300 வரும் கணத்தில் அந்த எண் கூடுகிறதா என்று பாருங்கள்.

போர்ட்டை இடைவிடாமல் படிப்பது இன்டரப்ட்டை விட நல்லதுதான். ஆனால் அந்தப் பழைய போர்ட்டை ஒருமுறை படிக்கவே சுமார் ஒரு மைக்ரோ வினாடி ஆகும். டிஎஸ்சி எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் போர்ட்டை அதற்கு மேல் அடிக்கடி பார்க்க முடியாது. உங்கள் கணக்கில் ஒரு மைக்ரோ வினாடி என்பது தடிமனில் 3 மி.மீ.

ரியல்-டைம் கர்னலைப் பற்றி: ப்ரீஎம்ப்ட் ஆர்டி இப்போது 6.12 பதிப்பிலிருந்து மெயின்லைன் லினக்ஸிலேயே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. நன்றாக அமைத்த கணினியில் மிக மோசமான தாமதத்தைச் சில பத்து மைக்ரோ வினாடிக்குள் அடக்கிவிடலாம். மோட்டார் கட்டுப்பாட்டுக்கும் ஆடியோவுக்கும் அது வரப்பிரசாதம். உங்களுக்கு வேண்டியது அதைவிட ஆயிரம் மடங்கு நுணுக்கம். மென்பொருளால் எட்டவே முடியாத தூரம் அது.

---

துடிப்பு

பழைய பலகை ஐயா சொன்னதை இன்றைய பொருட்களில் எப்படிச் செய்வது என்று நான் சொல்கிறேன். வெவ்வேறு வேலைகளுக்காக இவை எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன்.

நேர்வழி கவுண்டர் கார்டு. நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிசிஐ-6602 மாதிரி. எட்டு கவுண்டர், ஒவ்வொன்றும் 32 பிட், 80 மெகாஹெர்ட்ஸ். ஒரு டிக் 12.5 நானோ வினாடி. இரண்டு கால்களில் வரும் பல்ஸ்களுக்கு நடுவிலான நேரத்தை அளப்பதற்கென்றே ஒரு முறை உண்டு. லினக்ஸில் காமெடி (Comedi) என்ற டிரைவர் தொகுப்பில் அதற்கு டிரைவர் இருக்கிறது. அது பழைய பிசிஐ ஸ்லாட் கார்டு என்பதால் உங்கள் போர்டில் பொருந்தாது, அதே குடும்பத்தில் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டும் உண்டு. டிரைவர் ஆதரவை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத வழி ஒன்று: இன்டெல் ஐ210 நெட்வொர்க் கார்டு. ஐஇஇஇ 1588 நேர ஒத்திசைவுக்காக அதற்குள் ஒரு வன்பொருள் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். சிப்பில் பயனர் விருப்பப்படி அமைக்கக்கூடிய நான்கு கால்கள் உண்டு. வெளியிலிருந்து வரும் பல்ஸை அதில் கொடுத்தால் வந்த நேரத்தைச் சிப்பே ரெஜிஸ்டரில் பிடித்துவைக்கும். இப்படிப் பிடிக்க இரண்டு ரெஜிஸ்டர்கள். 8 நானோ வினாடி நுணுக்கம். டிரைவர் லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது. சில கார்டுகளில் அந்தக் கால்கள் பின் ஹெடராக வெளியே வந்திருக்கும், சிலவற்றில் நீங்களே கம்பி பற்றவைக்க வேண்டும். 3.3 வோல்ட்டுக்கு மேல் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்றாவது, ஒரு மைக்ரோகன்ட்ரோலர். எஸ்டிஎம்32எஃப்401-ல் 32 பிட் டைமர்கள் இரண்டு இருக்கின்றன, 84 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட்டலாம். இன்புட் கேப்சர் என்ற வசதி பழைய பலகை ஐயாவின் கேட் செய்த வேலையைத்தான் செய்கிறது. பல்ஸ் ஏறும் கணத்தில் கவுண்டரின் எண்ணை வேறொரு ரெஜிஸ்டருக்குப் பிரதி எடுத்துவிடும். ஒரு டிக் 11.9 நானோ வினாடி, தடிமனில் 0.035 மி.மீ. பிறகு அந்த எண்ணை யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு அனுப்பலாம். யுஎஸ்பி மெதுவானதாயிற்றே என்று பயப்பட வேண்டாம். எண் பிடிபட்டாகிவிட்டது, கடிதம் எப்போது வந்து சேர்ந்தால் என்ன?

எனக்கு இருக்கும் ஒரே தயக்கம், உங்கள் வேலை நுணுக்கத்தின் பக்கம் இன்னும் போகும் என்று தோன்றுகிறது. அப்படியானால் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிடிசி7200 என்ற சிப்பைப் பாருங்கள். நேரத்தை நேரடியாக எண்ணாக மாற்றுவதற்கென்றே செய்தது. 55 பிகோ வினாடி நுணுக்கம். இரண்டாவது முறையில் 250 நானோ வினாடியிலிருந்து 8 மில்லி வினாடி வரை அளக்கும். அல்ட்ராசவுண்ட் அளவீட்டையும் மனதில் வைத்துத்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

என் யோசனை: முதலில் மைக்ரோகன்ட்ரோலர். அதில் கற்றுக்கொண்டு பிறகு முடிவு செய்யுங்கள்.

---

மணிக்கூண்டு

இவ்வளவு பேசுகிறீர்கள், படிகத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. சாதாரணப் படிகம் பத்து லட்சத்தில் 50 பங்கு தவறும். ஒரு நாளில் 4.3 வினாடி. அடுப்புக்குள் வைத்த ஓசிஎக்ஸ்ஓ ஆசிலேட்டர் இல்லாமல், அதையும் ஜிபிஎஸ் பல்ஸோடு கட்டாமல், நானோ வினாடி என்று பேசுவதில் அர்த்தமில்லை.

---

பழைய பலகை

மணிக்கூண்டு, நீங்கள் சொல்லும் எண் சரி. ஆனால் அது எவ்வளவு நீளமான நேரத்தை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தம்பி அளப்பது எட்டரை மைக்ரோ வினாடி. பத்து லட்சத்தில் 50 பங்கு என்றால் அதில் பிழை 0.4 நானோ வினாடி. அவருக்கு வேண்டிய 34-க்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. மலிவான படிகம் தாராளமாகப் போதும்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பணத்தைக் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். நீண்ட ஓட்டத்தில் கடிகாரம் நேரம் தவறாமல் இருப்பது வேறு. குறுகிய இடைவெளியை நுணுக்கமாகப் பிரிப்பது வேறு.

---

மணிக்கூண்டு

சரி ஐயா, ஒத்துக்கொள்கிறேன். என் வேலையை வைத்து யோசித்துவிட்டேன். தூரத்தில் இருக்கும் இரண்டு கணினிகள் ஒரே அதிர்வைப் பதிவு செய்து, பிறகு நாள்கணக்கான பதிவுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டும். அங்கே இரண்டு படிகங்களும் விலகிக்கொண்டே போவதுதான் தலைவலி. ஜிபிஎஸ் ரிசீவரின் வினாடிக்கு ஒரு பல்ஸைச் சீரியல் போர்ட்டின் டிசிடி காலில் கொடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது படித்தபிறகு, அதே பல்ஸை ஐ210-ன் காலுக்கு மாற்றினால் இன்டரப்ட் நடுக்கமே இருக்காது என்று புரிகிறது. சரிதானே துடிப்பு?

---

துடிப்பு

மிகச் சரி. வன்பொருளே நேரம் குறித்துவிடும். டிஎஸ்2பிஹெச்சி கருவி நெட்வொர்க் கார்டின் கடிகாரத்தை ஜிபிஎஸ்ஸோடு கட்டும், பிஹெச்சி2சிஸ் கணினியின் கடிகாரத்தை நெட்வொர்க் கார்டோடு கட்டும். இரண்டும் லினக்ஸ்பிடிபி தொகுப்பில் இருக்கின்றன.

---

சாளரம்

விண்டோஸில் இதே சிக்கல் எப்படி? என் புரோகிராம் ஒரு மில்லி வினாடி தூங்கச் சொன்னால் பதினைந்து தூங்குகிறது. வெளி சிக்னல் எதுவும் இல்லை, ஒரு மில்லி வினாடிக்கு ஒருமுறை கணக்குப் போட வேண்டும், அவ்வளவுதான்.

---

கர்னல்வாசி

உங்களுக்கு கார்டே வேண்டாம். விண்டோஸின் இயல்பான டிக் 15.625 மில்லி வினாடி, வினாடிக்கு 64. டைம்பிகின்பீரியட் அழைத்து ஒன்றாகக் குறைக்கலாம். விண்டோஸ் 10-ன் 1803 பதிப்பிலிருந்து வெயிட்டபிள் டைமரை உருவாக்கும்போதே ஹை-ரெசல்யூஷன் கொடியும் கொடுக்க முடியும், அதுவே மேல். நேரத்தைப் படிக்க குவரிபெர்ஃபார்மன்ஸ்கவுண்டர்.

---

எதிரொலி (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. திரும்பி வந்திருக்கிறேன், புதிய குழப்பங்களோடு.

முதலில் பழைய பாக்கி. கர்னல்வாசி சொன்னது போல டர்போஸ்டாட் ஓட்டிப் பார்த்தேன். 300 வரும் ஒவ்வொரு முறையும் எஸ்எம்ஐ எண் ஒன்று கூடியிருந்தது. பயாஸில் பழைய யுஎஸ்பி ஆதரவை அணைத்ததும் அது நின்றேவிட்டது. அளவீட்டுக்கு இனி அது தேவையில்லை என்றாலும், காரணம் தெரிந்ததில் ஒரு நிம்மதி.

அடுத்து, எஸ்டிஎம்32 பலகை. டைமர்-2-ன் ஒரு சேனல் ஒரு மில்லி வினாடிக்கு ஒருமுறை பல்சரைத் தூண்டுகிறது. மற்றொரு சேனல் எதிரொலியைப் பிடிக்கிறது. முதல் தடவை ஓட்டியதும் திரையில் டிக் எண்ணிக்கை 728, 728, 728, 728. மூன்று மாதமாக 14, 19, 22 என்று ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கேபிளும் ஆம்ப்ளிஃபையரும் எடுக்கும் நேரம் போக 25 மி.மீ. கட்டைக்கு 710 அளவில் வர வேண்டும், ஆக நம்பகமான எண்தான்.

குழப்பம் ஒன்று: ஆயிரம் அளவீடு எடுத்துச் சராசரி போட்டால் நுணுக்கம் கூடும் என்று படித்திருந்தேன். ஆயிரமும் 728 என்றால் சராசரியும் 728 தானே. கட்டைக்கு அடியில் 0.02 மி.மீ. தாள் தகடு ஒட்டிப் பார்த்தாலும் அசையவில்லை.

குழப்பம் இரண்டு: பெயின்ட் அடித்த தகட்டில் வைத்தால் சில இடங்களில் அளவு சட்டென்று 0.6 மி.மீ. தாவுகிறது. அங்கே அப்படித் தேய்மானம் எதுவும் இல்லை, மைக்ரோமீட்டரில் பார்த்துவிட்டேன்.

---

பழைய பலகை

முதல் குழப்பத்துக்கு இரண்டு பதில். ஒட்டிய தகட்டுக்குள் ஒலி சரியாகப் போகாது. நடுவில் காற்றோ பசையோ இருந்தால் அங்கேயே திரும்பிவிடும். அந்தச் சோதனையை விடுங்கள், ஒரே துண்டில் படிப்படியாகக் கடைந்த கட்டையில் செய்யுங்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். தூண்டும் பல்ஸும் எண்ணும் டிக்கும் ஒரே கடிகாரத்திலிருந்து பிறக்கின்றன. தூண்டல் எப்போதும் டிக்கின் அதே இடத்தில் தொடங்குகிறது, அதனால் எதிரொலியும் எப்போதும் அதே டிக்குக்குள் விழுகிறது. 728.1 ஆனாலும் 728.9 ஆனாலும் உங்களுக்குத் தெரிவது 728 தான். ஆயிரம் முறை கேட்டாலும் ஒரே பதிலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

பல்சரை அதோடு சம்பந்தமில்லாத ஓர் ஆசிலேட்டரால் தூண்டுங்கள். தூண்டிய கணத்தையும் ஒரு கேப்சர் சேனலில் பிடியுங்கள். அப்போது தொடக்கம் ஒவ்வொரு முறையும் டிக்கின் வெவ்வேறு இடத்தில் விழும். உண்மை 728.3 என்றால் பத்தில் மூன்று முறை 729, ஏழு முறை 728 வரும். சராசரி தானாகவே 728.3 காட்டும். நிலையாக நின்ற எண்ணைப் பார்த்து நீங்கள் மகிழ்ந்தீர்கள். ஆடாத எண்ணில் சராசரிக்கு வேலை இல்லை, தம்பி.

---

துடிப்பு

0.6 மி.மீ. தாவலைப் படித்ததும் கேட்கத் தோன்றியது: உங்கள் ப்ரோப் 5 மெகாஹெர்ட்ஸா?

அப்படியென்றால் ஒரு அலைக்கு 200 நானோ வினாடி. தடிமனில் மாற்றினால் 0.59 மி.மீ. உங்கள் தாவலின் அளவு அதேதான். எதிரொலி என்பது ஒரே ஒரு முனை அல்ல, ஏறி இறங்கும் சில அலைகளின் கொத்து. நல்ல இடத்தில் முதல் அலையே கம்பரேட்டரின் எல்லையைத் தாண்டுகிறது. பெயின்ட் சிக்னலைக் குறைத்த இடத்தில் முதல் அலை எட்டாமல் இரண்டாவது அலை தாண்டுகிறது. டைமர் பொய் சொல்லவில்லை, கம்பரேட்டர் தாமதமாகக் கையைத் தூக்குகிறது.

முழு அலை தாவாவிட்டாலும் இன்னொரு நுட்பமான பிழை இருக்கிறது. உயரம் குறைந்த அலை அதே எல்லையைச் சற்றுப் பிந்தித்தான் தொடும். சிக்னல் பாதியானாலே பத்து, இருபது நானோ வினாடி தள்ளிப்போகலாம். அதனால் எல்லையைத் தாண்டுவதை வெறும் அனுமதியாக மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு அடுத்து அலை பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தை நேரமாக எடுங்கள். பூஜ்யம் கடக்கும் இடம் அலையின் உயரத்தால் நகராது. அலை தாவலுக்கு மருந்து, ஆம்ப்ளிஃபையரில் சிக்னலின் உயரத்தை ஒரே அளவில் வைக்கும் தானியங்கி கெயின்.

---

இரவுப்பணி

பின்தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். டைமர் கார்டு என்று தொடங்கிய கேள்வி கம்பரேட்டரில் வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை. எதிரொலி, முடிவைக் கண்டிப்பாக எழுதுங்கள்.

---

எதிரொலி (அதற்குப் பிறகு ஒரு மாதம்)

எழுதுகிறேன் நண்பரே.

தனி ஆசிலேட்டர் போட்டதும் பழைய பலகை ஐயா சொன்னது அப்படியே நடந்தது. 728-ம் 729-ம் கலந்து வர ஆரம்பித்தன, சராசரி உயிர்பெற்றது. பூஜ்யக் கடப்புச் சர்க்யூட்டை மூன்று முறை மாற்றிக் கட்டினேன். பெயின்ட் தாவல் போய்விட்டது. மிக மோசமாகச் செதில் விட்ட இடத்தில் மட்டும் எப்போதாவது வருகிறது. அங்கே ப்ரோப்பையே நேராக வைக்க முடிவதில்லை.

ஆனால் ப்ரோப்பை மாற்றும்போதெல்லாம் எண் மொத்தமாக நகர்ந்தது. கேபிள் நீளம், ப்ரோப்பின் முகத்தகடு, நடுவில் தடவும் ஜெல், எல்லாம் சேர்ந்த தாமதம். ஒவ்வொரு முறையும் சோதனைக் கட்டையில் வைத்துச் சரிசெய்வது அலுத்துப்போனது. அப்போதுதான் டிடிசி7200-ன் விவரத்தாளைத் திரும்பப் படித்தேன். ஒரே தொடக்கத்துக்கு ஐந்து நிறுத்தப் பல்ஸ் வரை அதனால் குறிக்க முடியும். ஒலி தகட்டுக்குள் ஒருமுறை மட்டும் போய்வருவதில்லையே, மேலும் கீழுமாக மோதி இரண்டாவது, மூன்றாவது எதிரொலியும் தருகிறது. முதல் எதிரொலியையும் இரண்டாவதையும் பிடித்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், கேபிள், ஜெல், முகத்தகடு எல்லாம் இரண்டிலும் ஒரே அளவாக இருப்பதால் கழிந்துபோகும். மிஞ்சுவது எஃகுக்குள் ஓடிய நேரம் மட்டும்.

சிப்பை எஸ்பிஐ என்ற சீரியல் இணைப்பு வழியாக அதே எஸ்டிஎம்32-வோடு இணைத்திருக்கிறேன், எண்கள் யுஎஸ்பி மூலம் ஒர்க்ஸ்டேஷனுக்கு வருகின்றன. பல்சரின் முதல் அதிர்வை எதிரொலி என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்க, தொடங்கியதும் கொஞ்ச நேரம் நிறுத்தப் பல்ஸைக் கண்டுகொள்ளாதே என்று சொல்ல அதில் ரெஜிஸ்டரே இருக்கிறது. கட்டையில் இப்போது இரண்டு எதிரொலிக்கும் நடுவே 8.45 மைக்ரோ வினாடி. ப்ரோப்பை மாற்றினாலும் அதே 8.45. அளவு நூறில் ஒரு மில்லிமீட்டருக்குள் நிற்கிறது. நான் கேட்டது பத்தில் ஒன்று.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. காலையில் அளந்ததும் மதியம் வெயிலில் கிடந்த தகட்டை அளந்ததும் கொஞ்சம் வேறுபடுகின்றன. இது படிகமா?

---

துடிப்பு

படிகம் இல்லை, எஃகு. சூடேறினால் ஒலியின் வேகம் குறையும். தோராயமாக 55 டிகிரி செல்சியஸுக்கு ஒரு சதவீதம். இருபது டிகிரி ஏறினால் 25 மி.மீ. கட்டையில் 0.09 மி.மீ. தடித்தது போலக் காட்டும். தகட்டில் ஒரு வெப்பநிலை சென்சார் ஒட்டி, வேகத்தை அதற்கேற்ப மாற்றிக் கணக்கிடுங்கள்.

---

எதிரொலி

அந்த எஸ்டிஎம்32-ல் வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசி கால்கள் இன்னும் சும்மாதான் இருக்கின்றன. இன்றே தொடங்குகிறேன்.

---

பழைய பலகை

தம்பி, சர்க்யூட் படத்தையும் இங்கே போட்டுவையுங்கள். இன்னொருவர் இதே கேள்வியோடு வருவார்.